நாற்பத்தொரு வீடுகளின் ஒழுகல்

கூரை ஆய்வாளர் வீட்டுக்குள் முதன்முதலாக ஒழுகிய தண்ணீர் நீல நிறமாக இருந்தது. அது சாயக்காரர் வீட்டுத் தண்ணீர். அந்த ஆண்டின் இரண்டாவது மழை அது. ஞாயிற்றுக்கிழமை மூன்றேகால் மணிக்கு ஆய்வாளர் நாற்காலியில் சாய்ந்து செய்தித்தாளை முகத்தருகே பிடித்துக்கொண்டு, படிப்பது போலத் தூங்கிக்கொண்டிருந்தார். சொட்டு செய்தித்தாளைத் தவிர்த்து அவர் மூக்கின் மேல் விழுந்தது. துடைத்துப் பார்த்தார், விரல் நீலமாகியிருந்தது. யாருடைய தண்ணீர் என்று அந்த நொடியே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஊரில் சாயப்பொடி மூட்டைகளைப் பரணில் அடுக்கி வைத்திருப்பவர் ஒருவர்தான், அந்தப் பரண் வழியாக வரும் மழை இந்த நிறத்தில்தான் இறங்க முடியும். சாயக்காரர் வீடு நான்கு தெரு தள்ளி இருந்தது. நான்கு தெரு தள்ளிப் பெய்த மழை தன் கூடத்துக்குள் எப்படி வந்தது என்று அவர் யோசிக்கவில்லை. மனைவி பார்த்துவிட்டாளா என்றுதான் முதலில் திரும்பிப் பார்த்தார்.

அவருடைய உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த ஊரில் யார் வீட்டுக் கூரை ஒழுகினாலும் நகராட்சியில் எழுதிக் கொடுப்பார்கள். ஆய்வாளர் ஏணியோடு வந்து பார்த்து, பழுதுபார்த்தால் போதுமா, முழுக்க மாற்ற வேண்டுமா என்று எழுதித் தருவார். படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. 'மாற்ற வேண்டும்' என்பதில் குறியிட்டால், எந்த உத்தரம் செல்லரித்திருக்கிறது, எந்த வரிசையில் எத்தனை ஓடு நகர்ந்திருக்கிறது என்று பின்பக்கம் முழுவதும் படம் வரைய வேண்டும். கூரைமேல் ஏறாமல் அதை வரைய முடியாது. 'பழுதுபார்த்தால் போதும்' என்பதற்குக் கையெழுத்து ஒன்றே போதும். ஆய்வாளருக்கோ உயரம் ஆகாது. ஏணியின் முதல் படி அவருடையது, இரண்டாம் படியும் அவருடையது. மூன்றாம் படியில் நின்றால் முழங்கால்கள் இரண்டும் வேறு யாரிடமிருந்தோ இரவல் வாங்கியவை போல ஆகிவிடும். நான்காம் படியில் என்ன ஆகும் என்று அவர் போய்ப் பார்த்ததில்லை. மூன்றாம் படியிலிருந்து பார்த்தால் கடைசி வரிசை ஓடுகளும் கொஞ்சம் வானமும் தெரியும். அங்கே நின்று நெற்றிக்கு நேரே கையை வைத்து, இரண்டு முறை "ம்ம்" என்று சொல்லி, பென்சிலின் பின்முனையால் சுவரை ஒரு தட்டுத் தட்டி, இறங்கி வந்து கையெழுத்துப் போடுவார். பதினேழு வருஷம், நாற்பத்தொரு கூரைகள். 'மாற்ற வேண்டும்' கட்டத்தில் அவர் பேனா ஒருமுறைகூடப் பட்டதில்லை.

இதில் விஷயம் என்னவென்றால், அவர் கையெழுத்துப் போட்ட பிறகு அந்த வீடுகள் ஒழுகவில்லை. வீட்டுக்காரர்கள் ஒரு கை சிமென்ட்டை எங்கேயாவது பூசிவிட்டு, சிலர் அதையும் பூசாமல், அந்தத் தாளை மடித்துக் கதவுக்குப் பின்னால் செருகி வைத்தார்கள். முத்திரை வைத்த தாளை மழை மதித்தது. ஊரார் அவரைக் 'கைராசி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். புதுக் கடை திறப்பவர்கள் முதல் பொருளை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் நடந்து போனால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்தார்கள். அவரும் முதல் சில வருஷங்கள் கூச்சப்பட்டார். பிறகு கூச்சப்படுவது போல முகத்தை வைத்துக்கொள்ளப் பழகினார். அதன் பிறகு அதுவும் தேவைப்படவில்லை. அந்த வீடுகளில் விழாத தண்ணீர் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அது ஆய்வாளரைத் தேடிக்கொண்டிருந்தது. அவர் முகவரியைக் கண்டுபிடிக்க அதற்குப் பதினேழு வருஷம் ஆயிற்று. நகராட்சி அலுவலகம் வழியாகப் போகும் எதற்கும் அவ்வளவு நாள் ஆகத்தான் செய்யும்.

மூன்றாவது மழையில் கஞ்சி போல வெள்ளையாக ஒழுகியது. அது மாவுமில்காரர் வீட்டுத் தண்ணீர். நான்காவதில் மரத்தூள் மிதந்தது. ஐந்தாவதில் நறுக்கிய முடி வந்தது, கறுப்பும் நரையுமாக. ஒரு மாதத்துக்குள் கூடத்தில் மட்டும் நாற்பத்தொரு இடத்தில் சொட்டியது. அந்தக் கூடத்தில்தான் ஆய்வாளரின் மனைவி தட்டச்சு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எட்டு இயந்திரங்கள், காலையில் ஒரு வகுப்பு, மாலையில் இரண்டு. யோசிக்கும்போது அவள் விரல்கள் எது கிடைக்கிறதோ அதன் மேல் தட்டும். மேசை, சுவர், சில சமயம் கணவரின் முதுகு. இப்போது அவள் எட்டு இயந்திரங்களுக்கும் மழைக்கோட்டுப் போர்த்தி, இருந்த வாளி, பானை, பிஸ்கட் டின் எல்லாவற்றையும் பரப்பிவிட்டு, மாணவிகளுக்கு விடுமுறை விட்டுவிட்டுக் கதவு நிலையில் விரலால் தட்டிக்கொண்டு நின்றாள்.

"ஊர்க் கூரையெல்லாம் பார்க்கறீங்க. நம்ம கூரைய யாரு பார்க்கறது? நானா?"

"பார்க்கலாம்மா, பார்க்கலாம்."

"எப்ப? நான் மிதக்க ஆரம்பிச்சப்புறமா? சரி, அது கெடக்கட்டும். இந்த முடி யாரோடது?"

ஆய்வாளர் கூரையை அண்ணாந்து பார்த்து, காற்று வாக்கில் வந்திருக்கும் என்றார். பொய் சொல்வதிலும் அவர் மூன்றாம் படிக்கு மேல் போனதில்லை.

மறுநாள் அவள் ஓணானைக் கூட்டிவந்தாள். ஓணான் கூரை வேய்கிறவன். ஐம்பது வயது, தரையில் நடக்கும்போது கொஞ்சம் தடுமாறுவான், சுவரில் ஏறினால் நேராகிவிடுவான். ஏணியை அவன் கண்டுகொள்ளவில்லை. ஜன்னல் கம்பியில் கால் வைத்து மேலே போய்விட்டான். அரைமணி நேரம் ஓடுகளின் மேல் அவன் நடக்கும் சத்தம் கேட்டது. இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டு, "சார், ஒரு ஓடு கூட ஒடையல. சட்டம் உத்தரம் எல்லாம் இரும்பு மாதிரி இருக்கு. உங்க கூரை என்னை விட ஆரோக்கியமா இருக்கு. ரிப்பேர் பண்ண ஒண்ணுமே இல்ல" என்றான்.

"அப்ப இந்தத் தண்ணி?" என்றாள் மனைவி.

"அது இந்தக் கூரையோட தண்ணி இல்லம்மா. விருந்தாளி."

ஓடுகளை எடுத்துவிட்டு, இணைப்பே இல்லாத தகரத்தால் முழுக்க மூடினால் நிற்குமா என்று ஆய்வாளர் கேட்டார். நிற்கும் என்றான் ஓணான். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல், "இங்க எடம் இல்லன்னா வந்த எடத்துக்குத் திரும்பிப் போயிடும், அவ்வளவுதான். அவங்கவங்க வீட்டுக்கு" என்றான். மனைவி அப்போது வாளியை ஊற்றப் பின்பக்கம் போயிருந்தாள். ஆக, அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டவர் ஆய்வாளர் ஒருவர்தான். அதைக் கேட்ட பிறகும் அவர் அலுவலகத்துக்குப் போய், தன் வீட்டுக்குத் தானே ஒரு படிவம் எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக 'மாற்ற வேண்டும்' என்ற கட்டத்தில் குறியிட்டார். பின்பக்கத்தில் படம் வரைய வேண்டிய இடத்தில் 'பழசு' என்று எழுதினார். பிற்பாடு பல காரியங்களுக்காக அவர் வெட்கப்பட்டார், ஆனால் அந்த மூன்றெழுத்தை நினைத்தால்தான் காது மடல் சூடாகும்.

ஒன்பது நாளில் ஓடுகள் இறங்கிப் பின்பக்கச் சுவரோரம் அடுக்கப்பட்டன, தகரம் ஏறியது. பத்தாம் நாள் காலை பெரிய மழை வந்தது. வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. எட்டு இயந்திரங்களும் படபடவென்று ஓடின. அவர் கேட்காமலே மனைவி இரண்டாவது தடவை தேநீர் கொடுத்தாள். தகரத்தில் மழை கொட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஆய்வாளர் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் மகிழ்ச்சியாக இருந்தார். அந்த முக்கால் மணி நேரத்தையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

மழை விட்டதும் அவர்கள் வந்தார்கள். நாற்பத்தொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. மாவுமில்காரர் தலையெல்லாம் பசை, தச்சர் தோளில் ஈரத் தூள், முடிதிருத்துபவர் மேல் ஊர்க்காரர்கள் எல்லாருடைய முடியும். சாயக்காரர் நடக்க முடியாத தன் அக்காவை நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார். கட்டிலுக்கு நேர்மேலே ஒழுகியதில் அந்த அம்மாளின் நெற்றி, ஒரு கன்னம், தலைமுடியில் பாதி, எல்லாம் நல்ல கெட்டி நீலமாக இருந்தது. ஆய்வாளர் வாசற்படியில் நின்று, அடி விழுமா, கல் விழுமா என்று கணக்குப் போட்டார். ஆனால் ஒவ்வொருவர் கையிலும் மடித்து மடித்துப் பழுத்த ஒரு தாள் இருந்தது. பதினேழு வருஷத்தில் கையெழுத்து மங்கிவிட்டது, அதனால்தான் மழை உள்ளே வந்துவிட்டது, கொஞ்சம் சிரமம் பார்க்காமல் மேலேயே இன்னொரு தடவை போட்டுக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும் என்று கேட்க வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தொந்தரவு பண்ணுகிறோமே என்று மன்னிப்பு வேறு கேட்டார்கள்.

அவர் பேனாவை எடுத்தார். மாவுமில்காரரின் தாளில் கையெழுத்துப் போட்டார். மாவுமில்காரர் குனிந்து நன்றி சொன்னபோது தலையிலிருந்து ஒரு கட்டிப் பசை நழுவி ஆய்வாளரின் செருப்பில் விழுந்தது. தச்சர் தாளிலும் போட்டார். மூன்றாவதாகச் சாயக்காரரின் அக்கா நாற்காலியிலிருந்தபடியே தாளை நீட்டினாள்.

"இது இருந்த வரைக்கும் ஒரு சொட்டு விழல தம்பி. யாரையும் குத்தம் சொல்லல. நல்லா அழுத்திப் போட்டுக் குடுங்க, நான் போற வரைக்கும் தாங்கினாப் போதும்."

பேனா அவர் கையில் நின்றுவிட்டது. அவர் தாளைப் பார்த்துப் பேசினார், அதனால் முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. "நான் மேல ஏறலக்கா."

"என்ன தம்பி?"

"ஏறலக்கா. உங்க வீட்டுல மட்டும் இல்ல. எந்த வீட்டுலயும். மூணாவது படியில நின்னு பார்த்துட்டு எறங்கிடுவேன். எனக்கு பயம்."

முடிதிருத்துபவர் தன் தோளிலிருந்து யாருடைய முடியையோ ஊதித் தள்ளிவிட்டு, "அப்ப எங்க கூரை மேல என்ன இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது?" என்றார்.

"தெரியாது."

"எங்களுக்கும் தெரியாது. மழைக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்கு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். கல் விழுந்திருந்தால் தேவலாம் என்று ஆய்வாளருக்கு இருந்தது. கல் வந்தால் குனியலாம். உள்ளே எட்டு இயந்திரங்களும் நின்றிருந்தன. கூட்டம் கலைய வெகுநேரம் ஆயிற்று, ஏனென்றால் எல்லாரும் அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். சாயக்காரரின் அக்கா மட்டும் தாளை அவர் காலடியில் போட்டுவிட்டுப் போனாள்.

மாணவிகளை அனுப்பிவிட்டு மனைவி அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் விரல்கள் எதன் மேலும் தட்டவில்லை. "கல்யாணம் ஆன நாள்லேருந்து வீட்டுல பல்பு மாத்தறது நான்தான். சோம்பேறித்தனம்னு நெனச்சேன். ஆபீஸ்ல அவ்வளவு ஏறி எறங்கறாரே, வீட்டுல கொஞ்சம் உக்காரட்டும்னு விட்டுட்டேன்" என்றாள். பிறகு, "எங்க அண்ணன்கிட்டக்கூட அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள். அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றிய எதுவும் 'பழசு' என்பதைவிட நன்றாக இல்லை.

மறுநாள் காலை அவரே போய் ஓணானைக் கூட்டிவந்து, தகரத்தை எடுத்துவிட்டுப் பழைய ஓடுகளையே திரும்பப் போடச் சொன்னார். ஓணான் சுவரில் பாதியில் நின்று திரும்பிப் பார்த்து, "புதுசை எடுத்துட்டுப் பழசை மாட்டற மொத ஆளு நீங்கதான் சார்" என்றான். ஆனாலும் அன்றைக்குச் சீக்கிரமாகவே வேலையை முடித்தான். தகரம் இறங்கிய அன்று மாலை மழை பெய்தது. நாற்பத்தொரு வீடும் காய்ந்து கிடந்தது, ஆய்வாளர் வீட்டுக் கூடத்தில் நீலமும் வெள்ளையும் நரையுமாகக் கொட்டியது. மனைவி இயந்திரங்களை ஒவ்வொன்றாகப் படுக்கையறைக்குத் தூக்கிப்போய்க் கட்டிலின் மேல் வைத்தாள். அன்றிலிருந்து அவர்கள் இருவரும் தரையில்தான் படுத்தார்கள்.

பிறகு அவர் ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். முதல் வீடு சாயக்காரருடையது. தெரு முழுவதும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. மனைவி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டாள், ஓணான் மேலே முகட்டில் உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டிருந்தான். மூன்றாம் படி வரை ஊர் பார்த்துப் பழகிய அதே கம்பீரத்தோடு போனார். நான்காம் படியில் கண்களை மூடினார். ஐந்தாம் படியில் காலையில் சாப்பிட்டது வெளியே வந்தது. கீழே இருந்த மனைவி நகர்ந்துகொண்டாள், ஏணியை விடவில்லை. மொத்தம் பதினோரு படிகள். மேலே போய்ப் பார்த்தபோது உத்தரங்கள் பிஸ்கட் மாதிரி இருந்தன. விரலால் அழுத்தினால் உதிர்ந்தன. ஓடுகள் ஒன்றன் மேல் ஒன்று பழக்கத்தினால் மட்டுமே நின்றிருந்தன. அதன் அடியில்தான் நடக்க முடியாத ஒரு மனுஷி பதினேழு வருஷம் படுத்திருந்தாள். அவர் அங்கேயே உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் படம் வரைந்தார். கோடு எல்லாம் நடுங்கியிருந்ததால் அலுவலகத்தில், இவையெல்லாம் விரிசலா என்று விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பினார்கள். இறங்க அவரால் முடியவில்லை. ஓணான் அவரை முதுகில் மூட்டை மாதிரி போட்டுக்கொண்டு இறக்கினான். தெரு கைதட்டியது. அன்றோடு 'கைராசி' என்ற பெயர் போய் 'மூணாம்படி' என்ற பெயர் வந்தது, இன்றுவரை அதுதான்.

அப்படி நாற்பத்தொரு தடவை ஏறினார், நாற்பத்தொரு தடவை இறக்கப்பட்டார். பழக்கத்தில் பயம் போய்விடும் என்று சொல்கிறவர்கள் ஏறிப் பார்க்கட்டும். இருபத்தெட்டு வீடுகளுக்கு 'மாற்ற வேண்டும்' என்று எழுதினார். கேட்டவர்கள் யாரும் சந்தோஷப்படவில்லை. சும்மா இருந்த கூரைக்குப் பெரிய செலவு வைத்தவர் என்று அவரையே திட்டினார்கள். மாவுமில்காரர் இரண்டு வருஷம் பேசவில்லை. முடிதிருத்துபவர் பேசினார், ஆனால் மூணாம்படி வந்து உட்கார்ந்தால் மட்டும் கத்தியைத் தீட்ட மறந்துவிடுவார். மிச்சப் பதின்மூன்று வீடுகளுக்கு அவர் அன்று எழுதியது தற்செயலாகச் சரியாகவே இருந்தது. அது அவருக்கு ஆறுதலாக இல்லை. அந்தப் பதின்மூன்று பேரிடம் மன்னிப்புக் கேட்பதுதான் கூடுதல் சங்கடமாக இருந்தது, ஏனென்றால் எதற்கு என்று அவர்கள் கேட்டார்கள்.

ஒவ்வொரு கூரை சரியாக ஆக, அவர் கூடத்தில் ஒரு சொட்டு நின்றது. மரத்தூள் நின்றது, முடி நின்றது. சாயக்காரர் மூன்றாம் வருஷம்தான் கூரையை மாற்றினார். அதுவரை கூடத்தின் நடுவில் தரை நீலமாகவே இருந்தது, ஆய்வாளர் அதைத் தேய்க்கவிடவில்லை. நான்காம் வருஷம் மனைவி ஆறு இயந்திரங்களைக் கூடத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தாள், ஐந்தாம் வருஷம் மிச்ச இரண்டையும். அந்த வருஷம் அவர் ஒரு பல்பு மாற்றினார். முக்காலியின் மேல் நின்று மாற்றுவதற்கு இருபது நிமிஷம் ஆயிற்று. அவள் முக்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இறங்கியதும், "இது ஏற்கனவே நல்லா எரிஞ்ச பல்புங்க" என்றாள். ஐந்து வருஷத்தில் அவள் அவரைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான்.

கடைசியாக ஒரு வீடு நின்றது. கடிகாரம் பழுதுபார்ப்பவருடையது. அவர் கூரையில் ஒரே ஒரு ஓடு கீறல் விட்டிருந்தது. ஓணானுக்குக் கால் மணி நேர வேலை. ஆனால் அந்த ஓட்டுக்கு நேர்கீழே அவருடைய வேலை மேசை, அதில் முந்நூறு கடிகாரங்கள் வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தன. ஆய்வாளர் ஏறிப் பார்த்தபோதே தூசி விழுந்தது, இனி ஓணான் தட்டினால் மூன்று வருஷ வேலை போகும் என்று அவர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"ரிப்பேரும் வேணாம், மாத்தவும் வேணாம் சார். உங்க வீட்டுலயே விழட்டும். நல்ல எடமாத்தானே இருக்கு?"

"அது சரி இல்லீங்க. உங்க தண்ணி உங்க வீட்டுல..."

"பதினேழு வருஷம் என் வீட்டுல விழாம எங்கயோ அலைஞ்சுது இல்ல? இப்பத்தான் ஒரு எடத்துல நிக்குது. ஏன் சார் அதைக் கெளப்பறீங்க?"

ஆய்வாளர் நாலு தடவை போனார், நாலு தடவையும் அதே பதில். ஆக அது நின்றுவிட்டது. கடிகாரக்காரர் வீட்டுத் தண்ணீர் என்பதால் அது நொடிக்கு ஒன்று என்று பிசகாமல் சொட்டியது. மனைவி முதலில் எரிச்சல்பட்டாள், பிறகு அந்தத் தாளத்துக்கு மாணவிகளைத் தட்டச்சு செய்ய வைத்தாள். மழைக்காலத்தில் சேர்ந்த மாணவிகள் கோடையில் சேர்ந்தவர்களைவிட வேகமாகத் தேறினார்கள். கடிகாரக்காரரும் மழை வந்தால் குடையோடு வந்து, கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, சரியாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டுப் போவார்.

மூணாம்படி ஓய்வு பெற்ற பிறகு அவர் இடத்துக்கு ஒரு பெண் ஆய்வாளராக வந்தாள். ஒரு மழை நாளில் அந்தத் தெருவைப் பார்வையிட வந்தவள், ஏணியில் விறுவிறுவென்று பதினோரு படியும் ஏறி, ஓடுகளின் மேல் முழுக்க நடந்துவிட்டு, ஈரத்தோடு கூடத்துக்கு வந்தாள். சொட்டுவதைப் பார்த்து, "இது என்னங்கய்யா? மேல எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டாள். மனைவி சொல்லிவிடுவாளோ என்று அவர் ஒரு கணம் பார்த்தார். அவள் விரல்கள் மேசை மேல் தட்டிக்கொண்டிருந்தன. அவர் எழுந்து நின்று, காது மடல் இரண்டும் சிவக்க, "அது எங்க வீட்டுத் தண்ணி இல்லம்மா. கடிகாரக்காரர் வீட்டுது. நான் வேலையில இருந்தப்ப கூரை மேல ஏறாம கையெழுத்துப் போட்டேன். அதான் இங்க வருது" என்றார்.

புது ஆய்வாளர் படிவத்தை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தாள். படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் சிறிய எழுத்தில், 'ஒழுகல் ஒன்று. வேறு வீட்டுக்கு உரியது. இங்கு விழுகிறது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டாள். பிறகு, சொட்டு விளிம்பில் பட்டுத் தெறிக்கிறது, வாளியை இரண்டு விரற்கடை இடப்பக்கம் தள்ளி வையுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அவர் குனிந்து தள்ளி வைத்தார்.